கையொப்பங்களின் கணக்கு: வழக்கறிஞர் ஒபாமா முதல் தேர்தலை அடைந்த வழி

பராக் ஒபாமாவைப் பற்றிய இரண்டு செய்திகள் பெரும்பாலும் தனித்தனியாகவே சொல்லப்படுகின்றன. 1992ஆம் ஆண்டில் அவர் பொறுப்பேற்று நடத்திய வாக்காளர் பதிவு இயக்கம் சில மாதங்களுக்குள் சுமார் 1,50,000 பேரைப் பட்டியலில் சேர்த்தது என்பது ஒன்று. நான்கு ஆண்டுகள்கூட முடியாத நிலையில், 1996 ஜனவரியில், அவருடைய ஆதரவாளர்கள் சிகாகோ தேர்தல் ஆணைய அலுவலகத்தில் அமர்ந்து, எதிர் வேட்பாளர்களின் மனுக்களில் கையொப்பமிட்டிருந்தவர்களை ஒவ்வொருவராகப் பட்டியலோடு ஒப்பிட்டு, செல்லாத பெயர்களை நீக்க வைத்துக்கொண்டிருந்தார்கள் என்பது மற்றொன்று. முதலாவதைத் தொண்டுக் கணக்கிலும் இரண்டாவதை அரசியல் கணக்கிலும் எழுதிவிடுவது எளிது. இரண்டுக்கும் தேவைப்பட்ட திறமை ஒன்றே: வாக்காளர் பட்டியலை வாசிக்கத் தெரிந்திருப்பது. பொதுத்தொண்டில் இறங்கிய ஒரு வழக்கறிஞர் எப்படி மக்கள் பிரதிநிதி ஆகிறார் என்ற கேள்விக்கு ஒபாமாவின் முதல் பதினைந்து ஆண்டுகள் தரும் விடை, வழக்கமாக மேடைகளில் சொல்லப்படும் விடையை விடச் சிக்கலானது.

முதலில் ஒரு சொல்லைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். 1985ஆம் ஆண்டில், 23 வயதில் சிகாகோவுக்கு வந்த ஒபாமா, நாம் வழக்கமாகச் சொல்லும் பொருளில் தன்னார்வத் தொண்டர் அல்லர். நகரின் தென்கோடியில் இருந்த கத்தோலிக்கத் திருச்சபைப் பங்குகள் (பகுதித் தேவாலயச் சபைகள்) சில சேர்ந்து நடத்திய ஓர் அமைப்பில், சிறிய ஊதியத்துக்கு அமர்த்தப்பட்ட சமூக அமைப்பாளர் அவர். அவரை வேலைக்கு எடுத்தவர் ஜெரால்டு கெல்மேன். பதவியில் இருப்பவர்களிடம் உதவி கேட்டு நிற்பதை விட, பாதிக்கப்பட்டவர்களையே திரட்டி அவர்களே கோரிக்கை வைக்குமாறு செய்வது அந்தப் பணியின் முறை. 1930களின் இறுதியில் அதே நகரத்தின் இறைச்சிக்கூடப் பகுதியில் சால் அலின்ஸ்கி தொடங்கிவைத்த மரபு அது. அமைப்பாளர் பின்னால் நிற்க வேண்டும், பேச வேண்டியது அப்பகுதி மக்கள்தாம் என்பது அம்மரபின் எழுதப்படாத விதி. எனவே தொண்டு செய்தவர்கள், சரியாகச் சொன்னால், அவர் திரட்டிய பெண்மணிகளும் ஓய்வுபெற்ற தொழிலாளர்களும் பங்கு உறுப்பினர்களும்தான். அவர்களைச் சந்தித்து, பேச்சைக் கேட்டு, குறிப்பெடுத்து, அடுத்த கூட்டத்துக்கு வரவைப்பதுதான் அவருடைய வேலை.

அந்தப் பகுதிக்கு அப்போது அமைப்பாளர் தேவைப்பட்டதற்குக் காரணம் இருந்தது. தென்சிகாகோவின் வாழ்வாதாரமாக இருந்த எஃகு ஆலைகள் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டுக்கொண்டிருந்தன. விஸ்கான்சின் ஸ்டீல் 1980இலேயே கதவடைத்துவிட்டது. ஆலையை நம்பி வீடு வாங்கியவர்கள் கடன் தவணையைக் கட்ட முடியாமல் தவித்தார்கள். இவற்றுக்கெல்லாம் அப்பால், 130ஆவது தெருவையொட்டி, குப்பைக் கிடங்குகளுக்கும் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்துக்கும் நடுவில், ஆல்ட்கெல்ட் கார்டன்ஸ் என்னும் அரசுக் குடியிருப்பு இருந்தது. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் கறுப்பினத் தொழிலாளர்களுக்கும் போரிலிருந்து திரும்பியவர்களுக்குமாகக் கட்டப்பட்ட சுமார் 1,500 வீடுகள் கொண்ட அந்த இடத்தில், 1986ஆம் ஆண்டில், நுரையீரலைக் கெடுக்கும் கட்டட நார்ப்பொருளான ஆஸ்பெஸ்டாஸ் குறித்த பிரச்சினை வெடித்தது. குடியிருப்பின் நிர்வாக அலுவலகத்திலிருந்து ஆஸ்பெஸ்டாஸை அகற்ற ஏற்பாடாகிறது என்று தெரிந்ததும், அலுவலகத்தில் இருக்கும் நஞ்சு எங்கள் வீட்டில் இல்லையா என்று குடியிருப்பவர்கள் கேட்டார்கள். ஒரு சிறு குழு பேருந்தில் நகர மையத்துக்குச் சென்று வீட்டுவசதி வாரிய அலுவலகத்தில் அமர்ந்தது. பத்திரிகைக்காரர்கள் வந்ததும் அதிகாரிகளின் தொனி மாறியது. ஆனால் அதன்பின் வாரியத்தின் உயர் அதிகாரி குடியிருப்புக்கே வந்து பேசிய பொதுக்கூட்டம் கூச்சலிலும் ஒலிவாங்கிக்கான இழுபறியிலும் முடிந்தது. அதிகாரி பாதியில் வெளியேறினார். சில வேலைகள் தொடங்கின. பெருமளவு வேலை ஆண்டுக்கணக்கில் இழுத்தது.

இந்தப் போராட்டத்தில் யாருக்கு எவ்வளவு பங்கு என்பதில் பிற்காலத்தில் மனக்கசப்பு எழுந்தது. ஹேசல் ஜான்சன் என்ற ஆல்ட்கெல்ட்வாசி, ஒபாமா அங்கே கால்வைப்பதற்கு ஆறு ஆண்டுகளுக்கு முன்பே, 1979இல், சொந்த முயற்சியில் ஓர் அமைப்பைத் தொடங்கி, காற்றிலும் நீரிலும் கலந்த நச்சுகளைப் பற்றி வீடுவீடாகச் சென்று விவரம் சேகரித்துவந்தவர். அமெரிக்காவில் சுற்றுச்சூழல் நீதி இயக்கத்தின் தாய் என்று போற்றப்படுபவர். ஒபாமா 1995இல் வெளியிட்ட தன்வரலாற்றில் அவருக்கு உரிய இடம் தரப்படவில்லை என்ற குறை அவருடைய தரப்பில் இருந்தது. குறையில் நியாயம் உண்டு என்பதே என் கருத்து. தொண்டு செய்தவர் ஒருவர், அதைப் பற்றி எழுதி அறியப்படுபவர் மற்றொருவர் என்ற நிலை, அரசியலுக்குச் செல்லும் ஒவ்வொரு சமூகப் பணியாளரின் கதையிலும் எங்கோ ஒரு மூலையில் இருக்கத்தான் செய்கிறது.

சட்டம் படிக்க வேண்டும் என்ற முடிவு இந்த அனுபவத்திலிருந்துதான் பிறந்தது. மூன்று ஆண்டுகள் உழைத்துக் கிடைத்தவை ஒரு வேலைவாய்ப்புப் பயிற்சி மையம், மாணவர்களுக்கான சில திட்டங்கள், பாதியில் நின்ற ஆஸ்பெஸ்டாஸ் வேலை. ஆலையை மூடும் முடிவும், கடன் தர மறுக்கும் முடிவும், நிதியை வேறு திட்டத்துக்குத் திருப்பும் முடிவும் அந்தக் குடியிருப்புகளில் எடுக்கப்படவில்லை. வங்கிகளும் நிறுவனங்களும் சட்டமன்றங்களும் எப்படி இயங்குகின்றன என்பதைக் கற்றுக்கொண்டு திரும்பி வர வேண்டும் என்று தான் நினைத்ததாக அவர் பின்னர் எழுதினார். கூடவே, கண்ணெதிரே ஒரு முன்மாதிரியும் இருந்தது. 1983இல் சிகாகோவின் முதல் கறுப்பின மேயராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட ஹெரால்டு வாஷிங்டன் ஒரு வழக்கறிஞர். சட்டமன்றத்திலும் நாடாளுமன்றத்திலும் பல ஆண்டுகள் பழகியவர். ஓர் அமைப்பாளர் பல மாதங்கள் முட்டிமோதித் திறக்க வைக்கும் கதவை மேயரின் ஒரு கையெழுத்து திறந்துவிடுவதை ஒபாமா பார்த்தார். 1987 நவம்பர் 25 அன்று வாஷிங்டன் தம் அலுவலகத்திலேயே மாரடைப்பால் இறந்தபோது, அவர் கட்டிய கூட்டணி சில நாள்களுக்குள் சிதறியதையும் பார்த்தார். அடுத்த ஆண்டு இலையுதிர்காலத்தில் அவர் ஹார்வர்டு சட்டப் பள்ளியில் இருந்தார்.

ஹார்வர்டு நாள்களைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. 1990 பிப்ரவரியில் அப்பள்ளியின் சட்ட ஆய்விதழுக்குத் தலைவராகத் தேர்வு பெற்ற முதல் கறுப்பினத்தவர் என்ற செய்தி நாடெங்கும் பரவியது. அதனால் ஒரு நூல் ஒப்பந்தமும் பல வேலை அழைப்புகளும் வந்தன. 1991இல் பட்டம் பெற்றதும் பெரிய நிறுவனங்களை விட்டுவிட்டு அவர் சிகாகோவுக்குத் திரும்பினார்.

திரும்பியவர் முதலில் எடுத்துக்கொண்ட முழுநேரப் பணி நீதிமன்றத்தில் இல்லை. 1992இல் இலினாய் மாநிலத்தில் வாக்காளராகப் பதிவு செய்யாத கறுப்பின மக்கள் சுமார் 4,00,000 பேர் இருப்பதாகக் கணக்கிடப்பட்டது. அமெரிக்காவில் அப்போது வாக்காளராகப் பதிவு செய்துகொள்வது குடிமகனின் பொறுப்பாக இருந்தது. அரசு ஆள் அனுப்பி வீடுவீடாகக் கணக்கெடுத்துச் சேர்ப்பதில்லை. எனவே பதிவு செய்யத் தகுதி பெற்ற தொண்டர்களைப் பயிற்றுவித்துத் தேவாலய வாசலிலும் கடைத்தெருவிலும் நிறுத்த வேண்டியிருந்தது. பத்துப் பேர் கொண்ட அலுவலகமும் சுமார் 700 தொண்டர்களுமாக ஒபாமா இதை நடத்தினார். அந்த நவம்பரில் கேரல் மோஸ்லி பிரான் அமெரிக்க செனட்டுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் கறுப்பினப் பெண் ஆனார். பில் கிளின்டன் இலினாயை வென்றார். வெற்றிக்கு இந்தப் பதிவு இயக்கம் மட்டுமே காரணம் என்று சொல்ல முடியாது. ஆயினும் நகரின் ஒவ்வொரு வட்டத்திலும் யார் தேவாலயத்தை நடத்துகிறார், யாரிடம் ஆள் இருக்கிறது, யார் சொன்னதைச் செய்பவர் என்ற அறிவு அந்த ஆறு மாதங்களில் முப்பத்தோரு வயது இளைஞர் ஒருவரிடம் வந்து சேர்ந்திருந்தது.

அடுத்த ஆண்டு அவர் ஒரு சிறிய குடிமை உரிமை வழக்கறிஞர் நிறுவனத்தில் சேர்ந்தார். அதன் மூத்த பங்காளர்களில் ஒருவரான ஜட்சன் மைனர், மேயர் வாஷிங்டனின் நிர்வாகத்தில் நகரத்தின் தலைமை வழக்கறிஞராக இருந்தவர். அங்கே சேர்வது வெறும் வேலை தேடல் ஆகாது. வாஷிங்டனைச் சுற்றியிருந்த சீர்திருத்த வட்டத்துக்குள் நுழைவதும் ஆகும். ஒபாமா நீதிமன்றத்தில் வாதிட்டுப் புகழ்பெற்ற வழக்கறிஞர் அல்லர். ஆவணம் தயாரிப்பது, சாட்சிகளை நேர்காண்பது, குழுவில் ஒருவராக இருந்து வேலை செய்வது என்பதாகவே அவருடைய தொழில் பெரும்பாலும் அமைந்தது. அவர் பங்கேற்ற வழக்குகளில் ஒன்று இங்கே பொருத்தமானது. ஓட்டுநர் உரிமம் வாங்கும் இடத்திலேயே வாக்காளராகவும் பதிவு செய்துகொள்ள வழிசெய்யும் கூட்டாட்சிச் சட்டம் 1993இல் நிறைவேறியது; இலினாய் ஆளுநர் ஜிம் எட்கர் அதைச் செயல்படுத்த மறுத்தார். 1995இல் தொடரப்பட்ட வழக்கில் மனுதாரர் தரப்பு வழக்கறிஞர்களில் ஒபாமா இருந்தார், மாநிலம் தோற்றது. தெருவில் நின்று ஒவ்வொருவராகச் சேர்த்ததை ஒரு தீர்ப்பு நிரந்தர ஏற்பாடாக மாற்றியது. அதே ஆண்டுகளில் சிகாகோ பல்கலைக்கழகச் சட்டப் பள்ளியில் அரசமைப்புச் சட்டம் கற்பித்தார்; ஏழைப் பகுதிகளுக்கு நிதி வழங்கும் சில அறக்கட்டளைகளின் குழுக்களில் உறுப்பினரானார். பணம் படைத்தவர்களின் அறிமுகம் அங்கிருந்துதான் தொடங்கியது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

1995இல் ஓர் இடம் காலியாகும் போலத் தெரிந்தது. அப்பகுதியின் நாடாளுமன்ற உறுப்பினர் மெல் ரெனால்ட்ஸ் குற்ற வழக்கில் தண்டிக்கப்பட்டுப் பதவி விலகினார். அந்த இடத்துக்குப் போட்டியிட விரும்பிய ஆலிஸ் பாமர், தாம் வகித்த, மாநிலச் சட்டமன்றத்தின் மேலவையான மாநில செனட்டின் 13ஆவது தொகுதியை ஒபாமாவுக்கு விட்டுக்கொடுக்க முன்வந்தார். செப்டம்பர் 19 அன்று ஹைட் பார்க் பகுதியின் ஒரு ஹோட்டலில் ஒபாமா தம் போட்டியை அறிவித்தபோது, அவரை அறிமுகம் செய்து வைத்தவரே பாமர்தான். ஆனால் நவம்பர் 28 அன்று, கட்சியின் வேட்பாளரை வாக்காளர்களே தேர்ந்தெடுக்கும் சிறப்பு முன்தேர்தலில் ஜெசி ஜாக்சன் ஜூனியர் வென்றார். பாமர் மூன்றாம் இடத்துக்குத் தள்ளப்பட்டார். உடனே அவருடைய ஆதரவாளர்கள், பழைய இடத்துக்கே அவர் திரும்ப வேண்டும், ஒபாமா ஒதுங்கிக்கொள்ள வேண்டும் என்று கேட்டார்கள். ஒபாமா மறுத்துவிட்டார்.

இங்கே இலினாயின் வேட்புமனு முறையைச் சற்று விளக்க வேண்டும். இந்தியாவில் சுயேச்சையாகப் போட்டியிடுபவருக்குப் பத்து முன்மொழிபவர்கள் இருந்தால் போதும். சிகாகோவில் அந்தத் தொகுதியின் கட்சி முன்தேர்தலில் நிற்பதற்கே 757 பதிவுபெற்ற வாக்காளர்களின் கையொப்பம் வேண்டியிருந்தது. கையொப்பமிட்டவர் அதே தொகுதியில், பதிவேட்டில் உள்ள முகவரியில் வசிக்க வேண்டும். பெயரைக் கையொப்பமாக இடாமல் அச்செழுத்தில் எழுதினால் மறுக்கப்படலாம். தாளைச் சுமந்து சென்றவரும் விதிகளுக்கு உட்பட்டவராக இருக்க வேண்டும். எந்த வாக்காளரும் எந்தக் கையொப்பத்தையும் ஆட்சேபிக்கலாம். அனுபவப்பட்டவர்கள் தேவைப்படுவதைப் போல இரண்டு மூன்று மடங்கு கையொப்பம் சேர்ப்பதன் காரணம் இதுவே. சிகாகோவின் பழைய கட்சி இயந்திரம் புதியவர்களை நுழையவிடாமல் தடுக்கப் பல தலைமுறைகளாகப் பயன்படுத்திய கருவி இது. சீர்திருத்தவாதிகள் இதை வெறுத்தார்கள்.

ஒபாமா 3,000க்கும் மேற்பட்ட கையொப்பங்களோடு முன்கூட்டியே மனுத் தாக்கல் செய்தார். பாமர் தரப்பு அவசர அவசரமாகச் சில நாள்களில் சேர்த்த 1,580 கையொப்பங்களை டிசம்பர் 18 அன்று கொண்டுவந்தது. புத்தாண்டு பிறந்ததும் ஒபாமாவின் ஆதரவாளர்கள், பாமர் உட்பட, எதிர்த்து நின்ற நால்வரின் மனுக்களுக்கும் ஆட்சேபம் எழுப்பினார்கள். சரிபார்த்தபோது பாமருக்குத் தேவையான எண்ணிக்கையில் சுமார் 200 குறைந்தது. மற்றொருவர் 1,899 கையொப்பம் கொடுத்திருந்தும் 69 குறைவு. இன்னொருவருக்கு 86 குறைவு. அண்மையில்தான் அத்தொகுதியின் பட்டியலிலிருந்து 15,000க்கும் மேற்பட்ட பெயர்கள் நீக்கப்பட்டிருந்தன; பழைய பட்டியலை நம்பிக் கையொப்பம் வாங்கியவர்கள் அதில் மாட்டிக்கொண்டார்கள். ஜனவரி 17 அன்று பாமர் விலகினார். மார்ச் 19 முன்தேர்தலில் வாக்குச்சீட்டில் ஒரே பெயர்தான் இருந்தது. தொகுதி ஜனநாயகக் கட்சியின் கோட்டை. நவம்பரில் நடந்த பொதுத்தேர்தல் வெறும் சடங்கு.

விதியைப் பின்பற்றினோம், அவ்வளவுதான் என்பது ஒபாமாவின் பிற்கால விளக்கம். சட்டப்படி அதில் குறை காண முடியாது. 757 கையொப்பங்களைச் சரியாகச் சேர்க்க முடியாதவர் தொகுதியை எப்படி நிர்வகிப்பார் என்று கேட்பவர்களின் வாதத்திலும் பொருள் உண்டு. எனினும், வாக்களிக்கும் உரிமையை விரிவாக்குவதைத் தொழிலாகவும் தொண்டாகவும் கொண்டிருந்த ஒருவர், தம் முதல் முன்தேர்தலில் வாக்காளர்களுக்குத் தேர்ந்தெடுக்க வேறு பெயரே இல்லாமல் செய்தார் என்பது உண்மை. அந்த முரணை அவருடைய ஆதரவாளர்கள் பலரும் அப்போதே உணர்ந்திருந்தார்கள். நான் கவனிப்பது வேறொன்றையும். 13ஆவது தொகுதி பல்கலைக்கழகம் அமைந்த ஹைட் பார்க்கிலிருந்து தெற்கே சவுத் ஷோர் வரையிலும் மேற்கே சில ஏழைப் பகுதிகள் வரையிலும் விரிந்தது. ஆல்ட்கெல்ட் கார்டன்ஸ் அதற்குள் இல்லை. அவர் மூன்று ஆண்டுகள் வீடுவீடாக நடந்த தெருக்கள் ஒரு தொகுதி, அவரைத் தேர்ந்தெடுத்த தெருக்கள் வேறொரு தொகுதி. செய்த தொண்டு வாக்காக மாறியது என்ற எளிய வாய்பாடு இவருடைய வாழ்க்கைக்குப் பொருந்தாது.

பொருந்தாது என்பதற்கு 2000ஆம் ஆண்டு இன்னொரு சான்று. நாடாளுமன்ற உறுப்பினர் பாபி ரஷ்ஷை எதிர்த்து ஒபாமா முன்தேர்தலில் நின்றார். ரஷ் 1960களின் தீவிரக் கறுப்பின உரிமை இயக்கமான பிளாக் பாந்தரிலிருந்து வந்தவர். மாநகராட்சி உறுப்பினராக இருந்து நாடாளுமன்றம் சென்றவர். முன்தேர்தலுக்குச் சில மாதங்களுக்கு முன்பு மகனைத் துப்பாக்கிச் சூட்டில் பறிகொடுத்தவர். அவருக்கு எதிரே ஒபாமா ஹார்வர்டில் படித்த ஹைட் பார்க் பேராசிரியராகத்தான் தென்பட்டார். தென்சிகாகோவின் ரோஸ்லாண்ட் பகுதியில் அமைப்பாளராகத் திரிந்த நாள்களை யாரும் கணக்கில் எடுக்கவில்லை. 61 விழுக்காட்டுக்கு 30 என்று தோற்றார்.

அதன்பின் அவரைத் தூக்கி நிறுத்தியதில் தற்செயலுக்கும் பங்குண்டு. மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்குப் பிறகு தொகுதி எல்லைகளை வரையும் குழு இரு கட்சிகளுக்கும் சமமாகப் பிரிந்து முடிவெடுக்க முடியாமல் போனால், குலுக்கலில் ஒரு கூடுதல் உறுப்பினரைத் தேர்வது இலினாயின் வழக்கம். 2001 செப்டம்பரில் ஒரு தொப்பிக்குள்ளிருந்து எடுக்கப்பட்ட சீட்டு ஜனநாயகக் கட்சிக்குச் சாதகமாக விழுந்தது. புதிய வரைபடத்தில் ஒபாமாவின் தொகுதி வடக்கே நகர மையத்தின் செல்வந்தர் குடியிருப்புகளைத் தொடுமாறு நீண்டது. 2003 ஜனவரியில் அவருடைய கட்சி மாநில செனட்டில் பெரும்பான்மை பெற்றது. ஆறு ஆண்டுகள் எதிர்க்கட்சி வரிசையில் அமர்ந்து அவர் கொண்டுவந்த மசோதாக்கள் பெரும்பாலும் குழுக்களிலேயே மடிந்திருந்தன. இப்போது அவைத் தலைவரான எமில் ஜோன்ஸ் முக்கியமான மசோதாக்களை அவரிடம் கொடுக்கத் தொடங்கினார்.

அவற்றுள் ஒன்று, கொலை வழக்குகளில் காவல் துறை நடத்தும் விசாரணையை ஒலிப்பதிவோ ஒளிப்பதிவோ செய்வதைக் கட்டாயமாக்கும் மசோதா. பின்னணி கடுமையானது. 1977இல் மரண தண்டனை மீண்டும் நடைமுறைக்கு வந்தபின் இலினாயில் தண்டனை நிறைவேற்றப்பட்டு இறந்தவர்களைவிட, குற்றமற்றவர்கள் என்று மரண வரிசையிலிருந்து விடுவிக்கப்பட்டவர்கள் அதிகம்: 12 பேருக்கு எதிராக 13 பேர். அதனால் ஆளுநர் ஜார்ஜ் ரயான் 2000 ஜனவரியில் தண்டனைகளை நிறுத்தி வைத்தார். தவறான தீர்ப்புகளில் பலவற்றுக்கு அடிப்படை, அடித்தும் மிரட்டியும் வாங்கிய ஒப்புதல் வாக்குமூலங்கள். காவலர்களும் அரசு வழக்கறிஞர்களும் மசோதாவை எதிர்த்தார்கள். புதிதாக வந்த ஆளுநரும் தொடக்கத்தில் எதிர்ப்பையே தெரிவித்தார். ஒபாமா எதிர்த்தவர்களையெல்லாம் ஒரே மேசைக்கு அழைத்து, நாள்கணக்கில் அவர்களுடைய அச்சங்களைக் கேட்டு, எந்தச் சூழ்நிலையில் பதிவு இல்லாமலும் வாக்குமூலம் ஏற்கப்படலாம் என்பதை வரி வரியாகத் திருத்தினார். கேட்பது அமைப்பாளர் காலத்துப் பழக்கம். வரியைத் திருத்துவது வழக்கறிஞர் காலத்துப் பழக்கம். மசோதாவின் எல்லை கொலை வழக்குகளோடு நிறுத்திக்கொள்ளப்பட்டது. கருவிகள் வாங்கக் காவல் நிலையங்களுக்கு இரண்டு ஆண்டு அவகாசம் தரப்பட்டது. செனட்டில் 58 பேர் ஆதரித்தார்கள், எதிர்த்து ஒருவரும் வாக்களிக்கவில்லை. நீதிமன்றத் தீர்ப்பின் கட்டாயம் இல்லாமல் சட்டம் இயற்றியே இதைக் கொண்டுவந்த முதல் மாநிலம் இலினாய். 2003 ஜூலையில் ஆளுநர் கையொப்பமிட்டார். இரண்டு ஆண்டு அவகாசம் முடிந்து சிகாகோ காவல் நிலையங்களில் ஒளிப்பதிவுக் கருவிகள் ஓடத் தொடங்கியபோது, மசோதாவைக் கொண்டுவந்தவர் அமெரிக்க செனட் உறுப்பினராக வாஷிங்டனுக்குச் சென்று சில மாதங்கள் ஆகியிருந்தன.